காற்றைச் சலித்த மாமேதை

காலை வேளையில் சன்னல் இடுக்கின் வழியே வெயில் கீற்று விழும்போது, எண்ணற்ற தூசுகள் பொன் துகள்களாய் மிதப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதைக் கண்டு மகிழ்வோர் பலர். கண்டும் காணாமல் போவோர் அவரினும் பலர். ஆனால் அத்தூசியைப் பிடித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதற்குள் உயிர் உறங்குவதை உலகுக்குக் காட்டிய ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். அவரே லூயி பாஸ்டர்.

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டவர் என்றும், பாலைப் பதப்படுத்தும் முறைக்குத் தம் பெயரைத் தந்தவர் என்றும் அவரைப் பாடநூலில் படிக்கிறோம். அப்பெருமைகளுக்கெல்லாம் அடித்தளமாய் அமைந்தது அவர் காற்றை ஆராய்ந்த சில ஆண்டுகளே. இன்று மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் காற்றில் மிதக்கும் மகரந்தத் தூளையும் பூஞ்சை வித்துகளையும் எண்ணிச் சொல்கிறார்களே, அக்கலைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் அவர். ஆகவே அவருடைய வாழ்க்கையை அந்தக் கண்ணோட்டத்தில் இங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

பிரான்சின் கிழக்குப் பகுதியில் ஜூரா என்னும் மலைநாடு உள்ளது. அங்கே டோல் என்னும் சிற்றூரில் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தை ஜான் ஜோசப் பாஸ்டர், நெப்போலியனின் படையில் போர்வீரராய் இருந்து, பின்னர் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். செல்வக் குடும்பம் அன்று; உழைத்து உண்ட குடும்பம். லூயி சிறுவனாய் இருந்தபோதே குடும்பம் ஆர்புவா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளியில் அவர் சூரப்புலி அல்லர். ஆனால் படம் வரைவதில் கைதேர்ந்தவர். தாயையும் தந்தையையும் அவர் வரைந்த ஓவியங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு முகத்தை வரைய வேண்டுமானால் அதை நிதானமாக உற்று நோக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழக்கமே பிற்காலத்தில் நுண்ணோக்கியின் முன் அவருக்குக் கைகொடுத்தது என்று நாம் எண்ணுகிறோம்.

பதினைந்து வயதில், அதாவது நம்முடைய வயதில், மேற்படிப்புக்காக அவர் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். வீட்டு நினைவு வாட்டியது. தந்தையின் தோல் கிடங்கின் வாடைகூட அவருக்கு ஏக்கமாயிற்று. சில வாரங்களிலேயே தந்தை வந்து அவரை ஊருக்கு அழைத்துச் சென்றார். அதோடு அவர் முடங்கிவிடவில்லை. அண்மையில் இருந்த பெசான்சோன் நகரில் பயின்று 1842-இல் அறிவியல் தேர்வில் தேறினார். அத்தேர்வில் வேதியியலில் அவருக்குக் கிடைத்தது சுமாரான தகுதியே! அதே ஆண்டு பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தும், தாம் பெற்ற பதினைந்தாம் இடம் போதாதென்று மறுத்துவிட்டார். மீண்டும் ஓராண்டு உழைத்து, 1843-இல் நான்காம் இடம் பெற்று அங்கே சேர்ந்தார். மதிப்பெண் குறைந்தால் மனம் தளரும் நம்மைப் போன்றோருக்கு இது ஒரு பாடம் அன்றோ!

1848-இல், திராட்சை மதுவில் உண்டாகும் டார்டாரிக் அமில வகையின் உப்புப் படிகங்களை நுண்ணோக்கியில் நோக்கி, அவற்றுள் இடக்கையும் வலக்கையும் போல் எதிரெதிரான இரு வகைகள் இருப்பதைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிப் பிரித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1849-இல் மேரி லோரான் என்னும் நங்கையை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல இரவு நெடுநேரம் ஆய்வுக் குறிப்புகளை எழுதிய அந்த அம்மையாரின் கைத்துணை இல்லையேல் பாஸ்டரின் பணி பாதியாய்க் குறைந்திருக்கும்.

எழுந்தது வினா

1854-இல் லீல் நகரில் பேராசிரியரானார். அவ்வூரில் பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராவி வடித்த ஆலை ஒன்றில் பானைகள் கெட்டுப்போக, உரிமையாளர் அவரை நாடினார். நொதித்தல் என்பது வெறும் வேதிமாற்றம் அன்று, நுண்ணுயிர்களின் வேலை என்பதை பாஸ்டர் அங்கே கண்டறியத் தொடங்கினார். அப்படியானால் அந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன?

அந்நாளில் கற்றோர் பலர், அவை தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பினர். வைக்கோல் ஊறிய நீரிலும் கெட்ட சாற்றிலும் உயிரற்ற பொருளே உயிராக மாறுகிறது என்பது அவர்கள் கொள்கை. 1858-இல் ரூவான் நகர அருங்காட்சியகத்தின் தலைவர் பூஷே என்பவர், சோதனைகள் செய்து அதை மெய்ப்பித்துவிட்டதாகப் பாரிசு அறிவியல் கழகத்துக்கு எழுதினார். பெரும் விவாதம் மூண்டது. இவ்வினாவுக்குத் தெளிவு காட்டுவோருக்குக் கழகம் பரிசு ஒன்றை அறிவித்தது.

பாஸ்டர் அப்போது பாரிசில், தாம் படித்த ஆசிரியர் கல்லூரியிலேயே பணியாற்றினார். கொடுத்த இடம் என்னவோ மாடியின் உச்சியில் கூரைக்கடியில் இரண்டு சிற்றறைகள்! பின்னர் கிடைத்த சிறு கட்டடத்தில், நுண்ணுயிர்களை வளர்க்கும் வெப்ப அறையை மாடிப்படியின் அடியில் அமைத்து, அதற்குள் முழங்காலிட்டு நுழைந்து வேலை செய்தார். இந்நாள்களில்தான், 1859-ஆம் ஆண்டு செப்டம்பரில், அவருடைய மூத்த மகள் ழான் நச்சுக் காய்ச்சலால் இறந்தாள். வயது ஒன்பதே. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தம் குழந்தையைப் பறித்துச் சென்றதை அறிந்தும், அது இன்னதென்று அறியாத தந்தையின் துயரை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். துயரோடு அவர் ஆய்வுக்கூடம் திரும்பினார்.

காற்றைப் பிடித்த விதம்

நுண்ணுயிர்கள் காற்றுவழி வருகின்றன என்றால், காற்றில் அவற்றைக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? பாஸ்டர் கையாண்ட முறை எளிமையானது. சன்னல் சட்டத்தில் துளையிட்டு ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினார். குழாயினுள் சிறிது வெடிபஞ்சை அடைத்தார். நீர் ஓட்டத்தால் இயங்கும் உறிஞ்சியைக் கொண்டு வெளிக்காற்றை மணிக்கணக்காய் அதன் வழியே இழுத்தார். ஒரு நாளில் பஞ்சு அழுக்கேறிக் கறுத்தது.

வெடிபஞ்சை ஏன் எடுத்தார் தெரியுமா? அது சாராவியும் ஈதரும் கலந்த நீர்மத்தில் முற்றிலும் கரைந்துவிடும். பஞ்சு கரைந்ததும் தூசி மட்டும் அடியில் தங்கும். அவ்வண்டலைக் கழுவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். மண் துகளும் புகைக்கரியும் மட்டுமா இருந்தன? உருண்டையாகவும் முட்டை வடிவிலும் பூஞ்சை வித்துகளை ஒத்த உறுப்புகள் பல காணப்பட்டன. மாவுத் துகள்களும் இருந்தன. அயோடின் இட்டதும் அவை நீலமாக மாறித் தம்மை அடையாளம் காட்டின. செறிந்த கந்தக அமிலத்தில் மாவு கரைந்துபோக, வித்துகள் பல கரையாமல் நின்றன. பிடிப்பது, பிரிப்பது, நிறமேற்றி இனம் காண்பது என்னும் மூன்று படிகளும் இச்சோதனையில் அடங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். கண்டவை வித்துப் போன்றவையே. அவற்றுக்கு உயிர் உண்டா? இதற்கும் வழி கண்டார். கொதிக்க வைத்துத் தூய்மையாக்கிய சர்க்கரைச் சாற்றுக் குடுவைக்குள், வெளிக்காற்றுப் புகாதபடி அத்தூசிப் பஞ்சை விழச் செய்தார். ஓரிரு நாளில் சாற்றில் பூஞ்சை படர்ந்தது. பஞ்சும் செடியிலிருந்து வந்ததுதானே, அதிலிருந்தே உயிர் தோன்றியிருக்கலாம் என்று எதிரணியினர் சொல்லக்கூடுமே! ஆகவே பஞ்சுக்குப் பதில் தீயில் காய்ச்சிய கல்நாரை வைத்தார். தூசி படிந்த கல்நார் சாற்றைக் கெடுத்தது. மீண்டும் காய்ச்சித் தூசியைக் கருக்கிய கல்நார் கெடுக்கவில்லை. மறுப்பவர் வாயைத் திறக்குமுன்னரே மறுப்பைத் தாமே எழுப்பி விடை தேடுவது பாஸ்டரின் பண்பு.

அன்னத்தின் கழுத்தைப் போல் நீண்டு வளைந்த குழாய் கொண்ட குடுவைகளையும் அவர் செய்தார். உள்ளிருந்த சாற்றைக் கொதிக்க வைத்து ஆறவிட்டார். குழாயின் வாய் திறந்தே இருந்தது. காற்று தாராளமாய் உள்ளே சென்றது. ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு பல மாதம் கெடவில்லை. கழுத்தை ஒடித்தாலோ, குடுவையைச் சாய்த்துச் சாறு வளைவைத் தொடச் செய்தாலோ, விரைவில் கெட்டது. உயிர் காற்றினால் வருவதன்று, காற்றில் உள்ள தூசியினால் வருவது என்பது விளங்கிற்று.

அறுபது குடுவைகள்

காற்று எங்கும் ஒரே அளவில் வித்துகளைச் சுமக்கிறதா? இதை அறிய, கொதிக்கும்போதே வாயை உருக்கி மூடிய குடுவைகளை எடுத்துக்கொண்டு 1860-இல் அவர் புறப்பட்டார். பாரிசு வானாய்வு நிலையத்தின் ஆழ்ந்த நிலவறையில் காற்று அசைவதே இல்லை. அங்கே திறந்து மூடிய 10 குடுவைகளில் ஒன்றே கெட்டது. அதன் முற்றத்தில் திறந்த 11 குடுவைகளும் கெட்டன.

பின்னர் சொந்த ஊரான ஆர்புவாவின் வயல்வெளியில் 20 குடுவைகளைத் திறந்தார், எட்டு கெட்டன. ஜூரா மலையில் சுமார் 850 மீட்டர் உயரத்தில் 20, ஐந்து கெட்டன. இன்னும் இருபதைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு ஆல்ப்சு மலையின் பனியாற்றை நோக்கி நடந்தார். ஒவ்வொரு குடுவையையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, தீயில் காட்டிய இடுக்கியால் நுனியை ஒடித்து, காற்று உள்ளே பாய்ந்ததும் விளக்கின் சுடரில் உருக்கி மூட வேண்டும். தம் மூச்சும் உடைத் தூசியும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை கவனம்! முதல் நாள் மலைக்காற்றில் சுடர் நிலைக்கவில்லை. பனியின் பளபளப்பில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. மூட முடியாத குடுவைகளோடு சிறு விடுதியில் தங்கினார். அந்த அறையின் தூசி பட்டு அவற்றுள் ஏறக்குறைய எல்லாம் கெட்டன. விளக்கைச் சீர்செய்துகொண்டு மறுநாள் மீண்டும் ஏறினார். சுமார் 2000 மீட்டர் உயரத்தில் திறந்த 20 குடுவைகளில் கெட்டது ஒன்றே ஒன்று.

எட்டு, ஐந்து, ஒன்று! மேலே செல்லச் செல்லக் காற்றில் வித்துகள் குறைகின்றன என்பதை இவ்வெண்கள் உரைத்தன. 1862-இல் கழகத்தின் பரிசு பாஸ்டருக்குக் கிடைத்தது. 1864 ஏப்ரல் 7-ஆம் நாள் சார்போன் மண்டபத்தில் அவர் உரையாற்றியபோது, அரங்கை இருளாக்கி ஒரே ஒரு ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். தாங்கள் உள்ளிழுக்கும் காற்றில் மிதக்கும் தூசியை அவையோர் கண்ணாரக் கண்டனர்.

மறுபக்கமும் உண்டு

பூஷேயை ஏமாற்றுக்காரர் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர் 1863-இல் தம் நண்பர் இருவருடன் பிரனீசு மலையுச்சி ஏறி, வைக்கோல் சாறு நிறைந்த குடுவைகளைத் திறந்தார். எல்லாம் கெட்டன! அவர் கண்டது பொய்யன்று. வைக்கோலில் ஒரு வகைப் பாக்டீரியா உண்டு; அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. இதை 1876-இல் பெர்டினாண்டு கோன் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அதற்குள் பூஷே காலமாகிவிட்டார். பாஸ்டர் பயன்படுத்திய ஈஸ்ட் சாற்றில் அத்தகைய வித்து இல்லாததால் அவர் சோதனை தெளிவாய் அமைந்தது. உண்மை பாஸ்டர் பக்கம் இருந்தது. ஆனால் எதிரணியினரின் பிடிவாதமே அடுத்த உண்மைக்கு வழிகாட்டியது. நேர்மையாய் மாறுபடுவோரை இகழக்கூடாது என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

துன்பத்திலும் தளராத உள்ளம்

1865-இல் தந்தையும் இரண்டு வயது மகள் கமீலும் மறைந்தனர். அடுத்த ஆண்டு, பன்னிரண்டு வயது சிசீலையும் நச்சுக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அப்போது அவர் தென்பிரான்சில் பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்து, ஆயிரமாயிரம் குடும்பங்களின் பிழைப்பைக் காக்கப் போராடிக்கொண்டிருந்தார். 1868 அக்டோபரில் அவரையே பக்கவாதம் தாக்கி, இடப்பக்கம் செயலிழந்தது. வயது நாற்பத்தைந்து. படுக்கையில் இருந்தவாறே சில நாள்களில் தம் மாணவருக்கு ஆய்வுக் குறிப்பைச் சொல்லி எழுதச் செய்தார். அவர் செய்த அரும்பணிகளில் பெரும்பகுதி இதற்குப் பின்னரே நடந்தது!

இதற்கிடையில் பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்த ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தால் புண்களைக் காக்கும் முறையை 1867-இல் வெளியிட்டார். 1881-இல் பாஸ்டர் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டு வெற்றி கண்டார். 1885 ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கப்பட்டது. சிறுவன் பிழைத்தான். மக்கள் தந்த நன்கொடையால் 1888-இல் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நம் தமிழ்நாட்டுக் குன்னூரிலும் 1907-இல் அவர் பெயரால் ஒரு நிலையம் நிறுவப்பட்டதை நாம் பெருமையோடு நினைக்கலாம். 1895 செப்டம்பர் 28-ஆம் நாள் அம்மாமேதை இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் இட்ட விதை

பாஸ்டர் தேடியது நொதிக்கும் உயிரை. அதே காற்றுத் தூசி தும்மலையும் இளைப்பையும் தரும் என்பதை இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி 1873-இல் எழுதிய நூலில் காட்டினார். ஒட்டும் நீர்மம் தடவிய கண்ணாடித் தகடுகளை வெளியே வைத்து, படிந்த மகரந்தத் தூளை நாள்தோறும் எண்ணினார். காற்றாடியில் கட்டித் தகடுகளை வானிலும் பறக்கவிட்டார். பூஞ்சை வித்தைத் தாமே முகர்ந்து பார்த்துத் தொண்டை கட்டிக் குரலிழந்தார்! ஒவ்வாமை என்று நாம் இன்று கூறும் நிலைக்கு 1906-இல்தான் வியன்னா மருத்துவர் பிர்கே பெயரிட்டார்.

1952-இல் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் என்னும் அறிஞர் வித்துப் பொறி ஒன்றை அமைத்தார். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு சிறு பிளவின் வழியே உறிஞ்சும். உள்ளே பசை தடவிய கண்ணாடித் தகடு மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். ஆகவே எந்த மணியில் எந்த வித்து வந்தது என்பது தகட்டிலேயே பதிந்துவிடும். ஒரு நாளில் 14,400 லிட்டர் காற்று அதில் சோதிக்கப்படுகிறது. இன்றும் பல நாடுகளில் இதன் வழிவந்த பொறிகளே உள்ளன. அவற்றில் படிந்ததை நிறமேற்றி நுண்ணோக்கியில் எண்ணி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். மற்றொரு முறையில், ஊட்டக்கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் காற்றைப் படச் செய்து, முளைக்கும் பூஞ்சைகளை எண்ணுகிறார்கள். உயிரோடு உள்ளவை மட்டுமே இதில் முளைக்கும். ஆனால் இறந்த வித்தும் ஒவ்வாமை தரக்கூடும். ஆகவே இரு முறைகளும் தேவை. ஒவ்வாமை தரும் புரதத்தை நோய் எதிர்ப்பொருளால் அறிவதும், வித்தின் மரபுப் பொருளைப் பெருக்கி இனம் காண்பதும் பின்னர் வந்த முறைகள்.

இவை வெறும் எண்கள் அல்ல. மழை நாளில் ஈரச் சுவரில் கரும்புள்ளிகள் படரும்போது மூச்சிளைக்கும் சிறுமி ஒருத்திக்கு, அது அவள் பாசாங்கும் அன்று, பலவீனமும் அன்று, காற்றில் உள்ள பூஞ்சை வித்தே காரணமாகலாம் என்று எடுத்துச் சொல்லும் சான்றுகள் இவை. காரணம் தெரிந்தால்தான் மருத்துவர் தக்க வழி கூற முடியும். சுவரை உலர்த்தி, சன்னலைத் திறந்து, வீட்டாரும் அவளுக்குத் துணை செய்ய முடியும்.

அன்புத் தோழியரே, பாஸ்டருக்குப் பெரிய கருவிகள் இருக்கவில்லை. ஒரு கண்ணாடிக் குழாயும் சிறிது பஞ்சும் அவருக்குப் போதுமானவையாய் இருந்தன. மகள்களை இழந்தும், ஒரு கை வலுவிழந்தும், தம் கருத்தைத் தாமே ஐயுற்றுச் சோதிக்கும் பண்பை அவர் இழக்கவில்லை. நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் குடுவை உண்டு, பஞ்சு உண்டு, நுண்ணோக்கி உண்டு. பொறுமையையும் நேர்மையையும் நாம் சேர்த்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாதவற்றையும் கண்டறிந்து, பிறர் மூச்சு எளிதாக உழைக்கும் பெண்கள் நம்மிலிருந்தும் எழுவார்களாக!